கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வராதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களிலும் கரூர் மாவட்டத்தின் க.பரமத்தி, அரவக்குறிச்சிப் பக்கங்களிலும், சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரங்களை விட்டு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே ஒதுக்கி வைத்திருக்கும் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்கிறோம். அந்தக் காட்டுக்கு உயிர் கொழுக்கட்டைப் புல். கோடை முழுவதும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தாலும், நல்ல மழை ஒன்று விழுந்த சில நாள்களில் அடித்தூரிலிருந்து பச்சை எடுத்துவிடும். அப்படிப் பச்சை எடுக்காத காடுகளை வந்து பார்க்கச் சொல்லி ஐப்பசி பிறந்தாலே அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வருகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் "விதை எங்கே வாங்கலாம்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் பார்த்த காடுகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் விதை தேவைப்பட்டது. மற்றவற்றுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கடவுப் படலை, அதாவது காட்டு வாசலை அடைக்கும் தட்டியை, நாற்பது, நாற்பத்தைந்து நாள் சாத்தி வைப்பதுதான். ஆகவே பணம் எடுக்கும் முன் குனிந்து தூரைப் பாருங்கள்.

கீழே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். முதல் காரணம் இல்லை என்று கண்ணால் உறுதி செய்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

அவசரம்: மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரென்று மூச்சு வாங்கித் தள்ளாடுகிறது

புல்லைப் புதுப்பிப்பதற்காகக் காட்டை உழுது சோளம் விதைத்திருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. பூக்காத இளஞ்சோளத்திலும், மழையில்லாமல் வாடி நின்ற சோளத்திலும், அறுத்த தட்டையின் அடியிலிருந்து மீண்டும் கிளம்பும் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு மிகுந்திருக்கும். மாடு வாயில் நுரை தள்ளி, வேகமாக மூச்சு வாங்கி, ஈறும் கண்ணின் உட்பகுதியும் செக்கச் சிவந்து, கால் தடுமாறி விழுந்தால் கைவைத்தியத்துக்கு நேரம் இல்லை. நிமிடக் கணக்கில் உயிர் போகும். கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள், சோளம் மேய்ந்தது என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டியிருப்பதால் அவர் அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். அவர் வருவதற்குள் மற்ற மாடுகளை அந்தக் காட்டை விட்டு வெளியேற்றிவிடுங்கள். கொழுக்கட்டைப் புல்லில் இந்த நஞ்சு கிடையாது. ஆனால் புல்லும் சோளத் துளிரும் கலந்து நிற்கும் காட்டில் மாடு இரண்டையும் சேர்த்தே மேயும்.

அறிகுறி 1: விதைத்து, மழையும் பெய்து, மூன்று வாரமாகியும் முளைப்பு இல்லை

விதை புதியதா? கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. இந்தப் பருவத்தில் உருவிய விதையை இந்தப் பருவத்திலேயே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. குறைந்தது ஆறேழு மாதம், முடிந்தால் ஓராண்டு, காற்றோட்டமான சாக்கில் வைத்திருந்து விதைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் "இப்போதுதான் உருவியது, பச்சை மணம் கூட மாறவில்லை" என்ற பெருமையைக் கேட்டு நான் ஒரு சாக்கு விதை வாங்கி, இரண்டு ஏக்கருக்கு விதைத்து, அந்த ஐப்பசி மழையை முழுவதும் இழந்தேன். அந்தக் காட்டில் அடுத்த ஆண்டு நான் விதைக்காமலேயே நாற்று எழுந்தது. உங்கள் விதையும் புதியது என்றால் மறுபடி உழாதீர்கள்; விதை மண்ணுக்குள்தான் இருக்கிறது.

விதைக்குள் மணி இருக்கிறதா? இந்தப் புல்லின் விதை, மயிர் போர்த்திய சிறு பஞ்சு உருண்டை போல இருக்கும். வெளியே பார்த்து எதையும் சொல்ல முடியாது. நூறு உருண்டைகளை எண்ணி எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்து, மெதுவாக ஊதுங்கள். பஞ்சு பறந்த பிறகு கேழ்வரகை விடச் சற்று நீண்ட பழுப்பு மணிகள் கையில் தங்கும். அவற்றை எண்ணுங்கள். இருபதுகூடத் தேறவில்லை என்றால், பூக்கதிர் முற்றும் முன்பே உருவிய விதை அது. மணி தேறினால், அடுத்த நூறு உருண்டைகளை ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, காய விடாமல் பதினான்கு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். நெல்லைப் போலத் தொண்ணூறு எதிர்பார்க்கக் கூடாது. இந்தப் புல்லுக்கு நூற்றுக்கு முப்பது முளைத்தாலே விதைக்கத் தகுந்த விதை.

ஆழமாகப் புதைந்துவிட்டதா? இதுதான் அடிக்கடி நடப்பது. விதைத்துவிட்டு டிராக்டரின் ஒன்பது கொழுக் கலப்பையை ஓட்டி மூடினால் விதை நான்கு விரல் ஆழத்துக்குப் போய்விடும். அங்கிருந்து இந்தச் சிறு மணிக்கு மேலே வரத் தெம்பு இல்லை. விரல் நகத்தின் அளவு மண் மூடினால் போதும். இலந்தை முள்ளை நான்கைந்து கொப்பாகச் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து, உழுத காட்டின் மேல் இழுத்துப் போவதே எங்கள் பக்கத்துப் பழைய முறை. அதைவிட நல்ல கருவி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

எறும்பு கொண்டுபோகிறதா? விதைத்த மறுநாள் காலையில் எறும்புப் புற்றின் வாயைப் பாருங்கள். பஞ்சு உரிக்கப்பட்டுக் குப்பையாக வெளியே குவிந்திருந்தால் மணி உள்ளே போய்விட்டது என்று பொருள். செம்மண்ணையும் சாணத்தையும் சம அளவில் குழைத்து, விதையைக் கலந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி நிழலில் காயவைத்து விதைத்தால் எறும்பும் எடுக்காது, காற்றும் அடித்துப் போகாது. கைக்கு வேலை அதிகம். இரண்டு ஏக்கருக்கு மேல் இருந்தால், ஈர மணலோடு கலந்து, மழை உறுதியான நாளில் விதைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

இவை எதுவும் இல்லை, தேய்த்துப் பார்த்த விதையும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு பருவமாக முளைக்கவில்லை என்றால் மண் ஆய்வுக்கு அனுப்புங்கள். உப்பு ஏறிய தாழ்வான இடங்களில் இப்படி நடக்கும்; அதை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு முடிவெடுக்க வேண்டும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதைக்கு மேல் கொட்டுவதால் இந்தக் கோளாறு தீராது.

அறிகுறி 2: முளைத்தது, ஆனால் தை பிறப்பதற்குள் காணாமல் போய்விட்டது

நாற்றைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, மாடு கடித்து இழுப்பது போலச் சட்டென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் வேர் பிடித்துவிட்டது. நாற்றே வேரோடு வந்தால் இன்னும் மேய்ச்சலுக்கு விடக் கூடாது. விதைத்த முதல் ஆண்டில் எழுபது, எழுபத்தைந்து நாளுக்கு முன் எந்தக் கால்நடையையும் உள்ளே விடாமல் இருப்பதே முறை. ஆடு என்றால் முதல் விதை உதிரும்வரை பொறுப்பது நல்லது, ஏனென்றால் ஆடு அடிவரை கொறிக்கும்.

யாரும் விடவில்லை என்று சொல்லும் காடுகளில் நான் கிளுவை வேலியைச் சுற்றி நடந்து பார்ப்பேன். ஒரு முழ அகல இடைவெளி இருந்தால், அதற்கு நேராக ஆட்டுப் புழுக்கையும் குளம்புத் தடமும் இருக்கும். அந்த இடத்தை முள் வைத்து இப்போதே அடையுங்கள். அடுத்த மழைக்கு முன் பெருவிரல் பருமனுள்ள கிளுவைப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) நெருக்கமாக ஊன்றுங்கள்.

ஆடும் மாடும் நுழையவில்லை என்றால் களை நெருக்கியிருக்கும், அல்லது விதைப்புக்கும் அடுத்த மழைக்கும் நடுவே நீண்ட வறட்சி விழுந்திருக்கும். களையைப் பூக்கும் முன் கையால் எடுக்கலாம். வறட்சிக்கு மருந்து இல்லை. ஆனால் அந்த இடத்தைத் தரிசு என்று முடிவு கட்டிவிடாமல் அடுத்த ஆடி மழை வரை பொறுத்துப் பாருங்கள். முளைக்காமல் உறங்கிய விதை அப்போது எழும்.

அறிகுறி 3: முன்பு புல் நிறைந்திருந்த காட்டில் திட்டுத் திட்டாக மண் தெரிகிறது

இந்த அறிகுறிக்காகத்தான் என்னைப் பெரும்பாலும் அழைக்கிறார்கள். காட்டின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடங்களில் உட்கார்ந்து, தூரை விரலால் விலக்கிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாத் தூரும் ஒன்று போலவே தெரியும்.

தூரின் அடி பச்சையாக இருக்கிறது, ஆனால் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. மேய்ச்சல் மிகுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தூர் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. அடுத்த மழையிலிருந்து நாற்பத்தைந்து நாள் காட்டை அடைத்துவிடுங்கள். பிறகு மாட்டை விடும்போது அரைச் சாண் உயரத்துக்குக் கீழே மேய விடாதீர்கள். அந்த அளவு வந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரே பெரிய காடாக இருந்தால் முள்வேலியால் மூன்றாகவோ நான்காகவோ பிரியுங்கள். நம் பெரியவர்கள் கொறங்காட்டைச் சிறு சிறு காடுகளாகப் பிரித்து வைத்ததன் பயன் இதுதான். மூன்று காட்டில் ஒரு காடு எப்போதும் ஓய்வில் இருக்க வேண்டும். குத்தகைக்கு விடுகிறவர்கள் இதைக் குத்தகைப் பேச்சிலேயே சேர்த்துவிடுவது நல்லது. பணம் கொடுத்தவர் ஆண்டு முடிவதற்குள் கடைசிப் புல்லையும் மேய்த்துவிடத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

தூரின் நடு காய்ந்து கறுத்து, ஓரத்தில் மட்டும் வளையம் போலப் பச்சை இருக்கிறது. தூர் கிழடாகிவிட்டது. வைகாசி, ஆனியில் காய்ந்த பகுதியை அறுத்தோ நன்றாக மேயவிட்டோ குறைத்து, ஆடி மழையில் ஐந்து கொழுக் கலப்பையால் ஒரே ஓர் ஓட்டம் உழுங்கள். மண்ணில் உதிர்ந்து கிடக்கும் விதை எழும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை இப்படி உழுது கொள்ளோ கம்போ சோளமோ விதைத்து எடுத்துவிட்டு, மறுபடி புல்லுக்கு விடுவது நம் பக்கத்து வழக்கம். சட்டிக் கலப்பை வேண்டாம். அது தூரைப் புரட்டி விதையை அடியில் புதைத்துவிடும்.

தூரைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது. கரையான் இருக்கிறதா என்று அடியைப் பாருங்கள். கரையான் காய்ந்த பகுதியைத்தான் முதலில் தின்னும். ஆகவே பெரும்பாலும் அது வறட்சிக்கும் மிகை மேய்ச்சலுக்கும் பின்னால் வந்ததாகவே இருக்கும். ஓய்வு கொடுத்தும் திட்டு அகலமாகிக்கொண்டே போனால் ஒரு தூரை வேர்மண்ணோடு பெயர்த்துப் பையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மேய்ச்சல் காட்டில் பூச்சிமருந்தை நீங்களாகத் தெளிக்கக் கூடாது. அது பாலிலும் வரும்.

தொட்டி, கடவு, பட்டி போட்ட இடம் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் மண் தெரிகிறது. மிதிபட்டு மண் இறுகியிருக்கிறது. ஈர மண்ணில் கடப்பாரையைத் தன் கனத்தாலேயே இறங்க விட்டுப் பாருங்கள். மற்ற இடத்தில் ஒரு சாண் இறங்கி இங்கே நான்கு விரல்கூட இறங்கவில்லை என்றால் தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றுங்கள், பட்டியைக் காடு முழுவதும் முறை வைத்து நகர்த்துங்கள். பட்டி நகர்ந்த இடத்தில் புழுக்கையும் சாணமும் விழுவதால் அடுத்த மழையில் அங்கேதான் புல் அடர்ந்து வரும்.

அறிகுறி 4: புல் வருகிறது, ஆனால் கொழுக்கட்டை இல்லை

துடைப்பப் புல், ஊசிப்புல், மயில்கொண்டைப் புல் ஆகியவை கூடிக்கொண்டே போனால், மாடு நல்ல புல்லைத் தேர்ந்து தின்று இவற்றை மிச்சம் வைத்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். இதற்கும் மருந்து மேலே சொன்ன ஓய்வுதான். அதோடு, ஊசிப்புல் முள் பிடிக்கும் முன் இளசாக இருக்கும்போதே மாட்டை நெருக்கமாக விட்டு ஒருமுறை மேய்த்துவிட வேண்டும். முள் பிடித்த பிறகு செம்மறியை விட்டால் ரோமத்தில் குத்தி ஏறித் தோலைப் புண்ணாக்கும்.

பார்த்தீனியம் வந்திருந்தால், வெள்ளைப் பூ விரியும் முன் ஈர மண்ணில் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். உப்புக் கரைசல் தெளிக்கும் முறையைச் சாலையோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்தில் உப்பு ஏறினால் புல்லும் போகும்.

சீமைக்கருவேலம் தனிக் கதை. அதை வெட்டினால் போகாது, அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை விட்டு வரும். விரல் பருமன் நாற்றாக இருக்கும்போது மழைக்குப் பிறகு மண்வெட்டியால் வேர்க்கழுத்துக்குக் கீழே, முக்கால் அடி ஆழத்தில், வெட்டி எடுத்தால் ஓர் ஆள் போதும். மரமாகிவிட்டால் ஜேசிபிதான், அந்தச் செலவை நினைத்தாவது ஆண்டுக்கு ஒருமுறை காட்டைச் சுற்றி நடந்து நாற்றுகளைத் தேடுங்கள். அதன் காயைத் தின்ற மாட்டின் சாணத்தில் விதை முளைக்கும் திறனோடு வெளியே வருவதால், வெளியூரிலிருந்து வாங்கிவந்த மாட்டை ஐந்தாறு நாள் கட்டுத்தறியில் கட்டித் தீனி போட்டுப் பிறகு காட்டுக்குள் விடுங்கள். ஜேசிபி ஓட்டுநரிடம் வெள்வேலையும் கிளுவையையும் முன்னதாகவே சுண்ணாம்பு பூசிக் காட்டிவிடுங்கள். ஒரு காட்டில் நாற்பது ஆண்டு வயதுள்ள இரண்டு வெள்வேல மரங்கள் அரை மணி நேரத்தில் சாய்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் அந்த மரங்களின் காய்தான் அந்த வீட்டு ஆடுகளுக்குத் தீனியாக இருந்தது.

அறிகுறி 5: மழைநீர் மண்ணை அறுத்துக்கொண்டு ஓடுகிறது

வெயில் நாளில் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். மழை பெய்யும்போது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், தண்ணீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று பாருங்கள். சரளை நிலத்தில் தெளிந்து ஓடிய நீர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செம்மண் நிறமாக மாறும். வேலை செய்ய வேண்டியது அந்த இடத்துக்கு மேலே.

பல காடுகளில் அது மாட்டுத் தடமாகவே இருக்கும். கடவிலிருந்து தொட்டிக்குச் சரிவில் நேராக இறங்கும் தடம், இரண்டு ஆண்டில் வாய்க்காலாகிவிடும். தொட்டியை மேட்டுக்கு மாற்றி, பழைய தடத்தின் குறுக்கே முள் போட்டு அடைத்தால் புல் தானாக மூடும்.

தடம் இல்லாமல் பரவலாக மண் போகிறது என்றால், சரிவுக்குக் குறுக்கே புல் வரிசை வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக் குழாயால் ஒரே மட்டத்தைக் குறித்து, அந்தக் கோட்டில் கொழுக்கட்டைத் தூரைப் பிரித்து ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள்; ஈரம் தங்கும் தாழ்வில் வெட்டிவேர் நடலாம். கண்மட்டத்தை நம்பாதீர்கள், ஒரு சாண் தாழ்ந்த இடத்தில் நீர் முழுவதும் கூடி அங்கேயே உடைக்கும்.

முழங்கால் ஆழத்துக்கு ஓடைக்கால் விழுந்துவிட்டால் கல் தடுப்பு தேவை. நடுப்பகுதி தாழ்ந்தும் இரண்டு ஓரமும் கரைக்குள் ஒரு முழம் புதைந்தும் இருக்க வேண்டும். நடு உயர்ந்தால் தண்ணீர் ஓரத்தை அறுத்துப் புது வழி தேடும். முழங்காலுக்கு மேல் ஆழம், தலைப்பில் சுவர் போலச் செங்குத்தான சரிவு, அல்லது சாலைப் பாலத்திலிருந்தோ பக்கத்துக் காட்டிலிருந்தோ வரும் நீர் என்றால் நீங்களாகக் கல் அடுக்க வேண்டாம். வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரை அழைத்துக் காட்டி, அளவு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: புல் நிறைந்திருக்கிறது, மாடு மெலிகிறது

விதை உதிர்ந்து வெளுத்த புல் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. பூக்கதிர் எட்டிப் பார்க்கும் பருவத்தில் மேய்க்கவோ அறுத்துக் காயவைக்கவோ தவறியிருந்தால் இப்படித்தான் ஆகும். இந்த ஆண்டுக்கு வெள்வேலங்காய், கொள்ளுப்பொட்டு ஆகியவற்றால் ஈடுகட்டுங்கள். அடுத்த ஆண்டு ஆடியில், பயறு வகைத் தீவனமான நரிப்பயறு விதையைப் புல்லுக்கு நடுவே தூவுங்கள்.

மாடு எலும்பையும் மண்ணையும் துணியையும் கடித்தால் தாதுக் குறைவு இருக்கக் கூடும். தாது உப்புக் கலவை பெரிய மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் கொடுத்து மூன்று வாரம் பாருங்கள். அதற்கும் தேறவில்லை, கழிச்சலோ தாடை வீக்கமோ இருக்கிறது என்றால் சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். குடற்புழு, தட்டைப்புழு முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்து.

அறிகுறி 7: கௌதாரிச் சத்தம் நின்றுவிட்டது

விடியற்காலையில் கௌதாரி கூவாத கொறங்காட்டை நான் நல்ல காடு என்று ஒப்புக்கொள்வதில்லை. கௌதாரியும் காடையும் வானம்பாடியும் தரையில், புல் தூரின் மறைவில் முட்டையிடுகின்றன. அந்த மறைவு இல்லாவிட்டால் அவை தங்குவதில்லை. எல்லாக் காட்டையும் ஒரே நேரத்தில் மேய்த்திருந்தால், கிளுவை வேலியை ஒட்டி மூன்று முழ அகலத்துக்கு ஒரு பட்டையை மட்டும் மேயாமல் விதை உதிரும்வரை விட்டுப் பாருங்கள். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். தூரின் மேலே உள்ள மொட்டும், மேல்மண்ணில் கிடக்கும் விதையும் சேர்ந்தே கருகக்கூடும். கம்பிவேலி போடுவதற்காகக் கிளுவையை எடுத்திருந்தால் கம்பிக்கு உள்பக்கம் மறுபடி போத்து ஊன்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து பறவை மட்டும் இல்லை என்றால், வேலியின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடங்கள். பறவை நுழையும் சந்துகளில் மெல்லிய கம்பியிலோ நரம்பிலோ கண்ணி கட்டியிருக்கும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கண்ணியை அவிழ்க்காமல், கட்டிய இடத்திலேயே படம் எடுத்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.